கார்டில் இல்லாத வரி

“அது என் கார்டுல இல்லையே மேடம்.”

மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஒரு வாக்கியம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பாலக்கோட்டிலிருந்து வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒரு செவிலியர், கையிலிருந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னது. என்னைக் குறை சொல்லவில்லை, நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். 11 வருஷம் வார்டில் வேலை பார்த்தவர். இலக்கணத்தில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாதவர். அவர் ஆங்கிலம் பேசுவதைக் கேட்டால், இவருக்கு எதற்கு வகுப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். முதல் வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் என் வகுப்பு நடக்கிறது. பென்னாகரம், அரூர், காரிமங்கலம், பாலக்கோடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து செவிலியர்கள் வருகிறார்கள். காலை டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே பஸ் ஏறி வருகிறவர்கள்தான் பாதிப்பேர். எல்லோருமே பிரிட்டனுக்குப் போக, மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி. எழுதப்போகிறவர்கள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதி கிட்டத்தட்ட முழுக்க ரோல் பிளேதான். ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார்கள். படித்துப் பார்க்க 3 நிமிடம். பிறகு சுமார் 5 நிமிடம் நீங்கள் நர்ஸ், எதிரே இருப்பவர் நோயாளி, அல்லது நோயாளியின் வீட்டார். இப்படி இரண்டு முறை. பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் இந்தப் பேச்சுப் பகுதியில் 500க்கு 350 கேட்கிறது. எதிரே இருப்பவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

அன்றைக்கு நான்தான் நோயாளி. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள், எழுந்து நடக்க மாட்டேன் என்று படுத்திருக்கும் 68 வயது அம்மாள். பாலக்கோட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும், நுரையீரலில் சளி கட்டும், தசை இளைத்துவிடும் என்று ஒவ்வொன்றாக, தெளிவாக, அழகாகச் சொன்னார். “ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன், பட்...” என்று மூன்று முறை ஆரம்பித்தார். அந்தக் கன்சர்ன் என்ன என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 5 நிமிடம் முடிந்தது. நான் என் அட்டையை அவரிடம் நீட்டினேன். கடைசி வரி இதுதான்: “உன் கணவர் ஆஸ்பத்திரியில் இப்படி எழுந்து நடக்கப் போய்த்தான் விழுந்தார், வீடு திரும்பவில்லை. கேட்டால் மட்டும் சொல்.” அதைப் படித்துவிட்டுத்தான் அவர் தன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. ஒரு மனுஷியின் பயம் எப்படிக் கார்டில் இருக்கும்? வார்டில் அவர் பார்த்த நூற்றுக்கணக்கான பேரில் யார் தன் பயத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டு வந்தார்கள்? அதே சமயம் அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முந்தைய வருஷங்களில் நான் நடத்திய ரோல் பிளேக்களை நினைத்துப் பார்த்தேன். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் வாங்குவது, ஓட்டலில் அறை கேட்பது, கடையில் பொருளைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும், வாய் மட்டும் அசையும். “குழந்தைங்க விளையாடுற மாதிரி இருக்கு மேடம், நான் இங்கிலீஷ் கத்துக்க வந்தேன்” என்று சொல்லி பாதியில் நின்றுபோன ஒருவர் உண்டு. மாம்பழக்கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருக்குக் கூச்சம், அதனால் போய்விட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அவர் சொன்னதுதான் சரி என்று படுகிறது. டிக்கெட் வாங்கத் தெரிந்தவரை மறுபடியும் டிக்கெட் வாங்கச் சொன்னால் அது விளையாட்டுத்தான்.

துண்டுக்குள் இருக்கும் விலை

என் தாத்தா மாடு வாங்கவும் விற்கவும் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவார். சின்ன வயசில் இரண்டு மூன்று முறை என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே தரகர் துண்டை எடுத்துக் கைமேல் போட்டு மறைத்துக்கொண்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்து விலை பேசுவார். ஒரு விரலை அழுத்துவார், இரண்டைச் சேர்த்துப் பிடிப்பார், உள்ளங்கையைத் தட்டுவார். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. துண்டுக்குள் கை போட்ட இரண்டு பேருக்கும்கூட முழுசாகத் தெரியாது. இவர் எதுவரை இறங்குவார், அவர் எதுவரை ஏறுவார் என்பது அவரவர் வயிற்றுக்குள் இருக்கும். முகத்தைப் பார்த்து, விரல் விலகுகிற வேகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தில் தாத்தாவின் முகத்தில் இருந்த கவனத்தை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. தெரியாத ஒன்று எதிராளியிடம் இருக்கிறது, அது தனக்கு வேண்டும் என்கிறபோது வருகிற கவனம் அது.

அதற்குப் பிறகு என் அட்டைகள் மாறின. மருந்துக்கடைக்காரரிடம் காலி அட்டைப்பெட்டிகளை வாங்கி, கை அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு விரல் அகலத்தை மடித்துவிடுவேன். மடிப்புக்குள் ஒரு வரி இருக்கும். அதைக் கையில் வைத்திருப்பவர் கேட்காமல் சொல்லக்கூடாது, சரியாகக் கேட்டால் மறைக்கக்கூடாது. சில நாளில் அந்த வரிக்கே ‘மடிப்பு’ என்று பெயர் வந்துவிட்டது. “மடிப்புல என்ன இருந்துச்சு?” என்று ரோல் பிளே முடிந்ததும் வகுப்பே கேட்கும். இரண்டு பேர் அட்டையிலும் மடிப்பு வைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. நர்ஸுக்கும் ஏதோ ஒன்று இருக்கட்டும்: இன்னும் 10 நிமிடத்தில் டியூட்டி முடிகிறது, கடைசி பஸ் போய்விடும். அப்போதுதான் பொறுமை என்றால் என்ன விலை என்று தெரிகிறது.

ஒரே சூழ்நிலையை மூன்று முறை, மூன்று வேறு ஆட்களோடு செய்யச் சொல்கிறேன். முதல் முறை வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். இரண்டாம் முறை சொல்லைத் தேடுவார்கள். மூன்றாம் முறைதான் எதிரே இருப்பவரைப் பார்ப்பார்கள். நடுவில் நான் திருத்துவதில்லை. பின்பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் குறித்துக்கொள்வேன், அவ்வளவுதான். பேச்சு உயிரோடு இருக்கும்போது ‘ஹேஸ்’, ‘ஹேவ்’ என்று குறுக்கே போனால் அது செத்துவிடும், மறுபடி எழுந்து வராது. முடிந்த பிறகு போனில் பதிவு செய்ததை அவர்களே போட்டுக் கேட்டு, ஒரு நிமிடப் பேச்சை அப்படியே எழுத வேண்டும். தன் குரலைத் தானே எழுதிப் பார்க்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி குறைந்துவிடுகிறது.

‘ங்க’ எங்கே போனது?

நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களிடம் எது குறைகிறது என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை. அப்படி எழுதிய பதிவுகளில்தான் அது கண்ணில் பட்டது. வார்டில் நம் செவிலியர் என்ன சொல்வார்? “கொஞ்சம் எழுந்து உக்காருங்கம்மா.” இதில் ‘கொஞ்சம்’ ஒரு தணிப்பு, ‘ங்க’ ஒரு தணிப்பு, ‘அம்மா’ ஒரு தணிப்பு. இதையே அவர் ஆங்கிலத்தில் சொல்லும்போது “சிட் அப்” என்று ஆகிவிடுகிறது. மூன்றும் உதிர்ந்து, வெறும் கட்டளை மட்டும் நிற்கிறது. சொன்னவருக்கு அது தெரியாது, ஏனென்றால் அவர் மனசுக்குள் ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார். கேட்கிற ஆங்கிலேயக் கிழவிக்கு அந்த ‘ங்க’ போய்ச் சேராது. “ஒண்ணு பண்ணுங்க” என்பது “டூ ஒன் திங்” ஆகிறது. “ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க” என்பது “நத்திங் வில் ஹேப்பன், டோன்ட் வொர்ரி” ஆகிறது. தமிழில் அது முதுகைத் தடவுகிற கை. ஆங்கிலத்தில் அது கதவைச் சாத்துகிற மாதிரி விழுகிறது.

நமக்கு மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அவர்களுக்கு அது வாக்கியத்தின் தலையில் இருக்கிறது. “உட் யூ லைக் டு”, “ஷல் வீ ட்ரை”, “ஐ வாஸ் வொண்டரிங் இஃப்” என்று முதலிலேயே கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். இதைப் பட்டியல் போட்டுக் கரும்பலகையில் எழுதினால் எல்லோரும் எழுதிக்கொள்வார்கள், யாரும் பேச மாட்டார்கள். “சிட் அப்” என்று கேட்ட நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டால்தான் அடுத்த வாக்கியம் வேறு மாதிரி வருகிறது. ஓ.இ.டி.யில் 2018 செப்டம்பரிலிருந்து பேச்சை அளக்கும் 9 அளவுகோல்களில் மொழிக்கு 4தான், நோயாளியோடு பேசும் முறைக்கு 5. அதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி. நான் தேடிக்கொண்டிருந்ததைத் தேர்வு வைக்கிறவர்களும் தேடுகிறார்கள்.

சாடையாகப் பேசுவதற்கு எங்கள் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தகடூர் அதியமானுக்காக அவ்வை தொண்டைமானிடம் தூது போனதைத்தான் சொல்கிறேன். அவன் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டிப் பளபளவென்று இருப்பதைப் பாராட்டிவிட்டு, எங்கள் ஆளின் ஆயுதமோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றாள். புகழ்ந்த மாதிரியும் ஆயிற்று, உனக்குப் போர்ப் பழக்கம் இல்லை என்று எச்சரித்த மாதிரியும் ஆயிற்று. ஒரு நாள் இதை ஆங்கிலத்தில் செய்யச் சொன்னேன். அரூரிலிருந்து வரும் இளம் செவிலியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யுவர் வெப்பன்ஸ் லுக் பியூட்டிஃபுல், சார். அவர்ஸ் ஆர் ஆல்வேஸ் இன் ரிப்பேர்” என்றார். வகுப்பே கை தட்டியது. பத்து நிமிடம் கழித்து, சீனியர் டாக்டர் எழுதிய மருந்தளவு அதிகமாகத் தெரிகிறது என்று அவரிடமே சொல்லும் அட்டையை அதே பெண்ணிடம் கொடுத்தேன். “ஐ மே பி ராங், டாக்டர், பட் குட் வீ செக் த டோஸ் டுகெதர்?” அவ்வையிடமிருந்து நேராக வந்த வாக்கியம் அது.

இந்த வட்டாரத்து ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. ராயக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசும் பாட்டி வந்தால் நம் செவிலியரின் குரலே இழைந்துவிடும். கன்னடக்காரர் வந்தால் அதற்கு ஒரு குரல். ஒரே ஷிஃப்ட்டில் மூன்று பாஷையில் மூன்று ஆளாக இருக்கிறவர்கள் இவர்கள். ஆங்கிலத்தில் மட்டும் எல்லோரும் பரீட்சை எழுதுகிற பிள்ளையாகிவிடுகிறார்கள்.

எங்கப்பா

பாலக்கோட்டுக்காரருக்கு மடிப்பு பிடிபடவே இல்லை. அட்டையில் இருக்கும் வேலைகளை வரிசையாக முடித்துவிடுவார். சரி, இனி நீங்கள் நர்ஸாக இருக்க வேண்டாம், எதிர்ப்பக்கம் உட்காருங்கள், அட்டையையும் நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். இடம் மாற்றி உட்கார வைப்பது நான் கண்டுபிடித்த வழி கிடையாது. 1920களில் வியன்னாவில் எழுதிவைக்காத நாடகங்களை மேடையேற்றிய ஜேக்கப் மொரீனோ என்ற மருத்துவர், பிற்பாடு மனநோய் சிகிச்சையில் முக்கியமாகப் பயன்படுத்திய வழி. 1963ல் கலிஃபோர்னியாவில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி, அவரை வைத்துத் தன் மாணவர்களைச் சோதித்தார். படித்துத் தெரிந்துகொண்ட விஷயங்கள்தான் எனக்கு. அன்று சாயங்காலம் நடந்ததற்கு அந்தப் படிப்பு எதுவும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை.

அவர் அட்டெண்டர், நோயாளியின் மகள். அரூர்ப் பெண் நர்ஸ். மகள் கேட்டார்: “வென் கேன் ஐ டேக் ஹிம் ஹோம்?” டாக்டர் ரவுண்ட்ஸ் வந்த பிறகு தெரியும் என்றார் நர்ஸ். இரண்டு நிமிடம் சாப்பாடு, மருந்து என்று பேசிவிட்டு மகள் மறுபடியும் அதையே கேட்டார். நர்ஸ், ரத்தப் பரிசோதனை முடிவு வரவேண்டும் என்றார். எல்லாம் சரியான பதில்தான். மூன்றாவது முறை அதே கேள்வி வந்தது, குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அரூர்ப் பெண் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். தன் அட்டையைப் பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். நாற்காலியை அரை அடி முன்னால் நகர்த்தினார். “இஸ் சம்திங் வெயிட்டிங் ஃபார் ஹிம் அட் ஹோம், அக்கா?”

அந்த ‘அக்கா’வை அவர் யோசித்துப் போடவில்லை. பாலக்கோட்டுக்காரர் கையிலிருந்த அட்டையைப் பார்க்கவே இல்லை. “ஹீ வாண்ட்ஸ் டு டை இன் ஹிஸ் ஓன் ஹவுஸ்” என்றார். பிறகு, “ஐ டோன்ட் நோ ஹௌ டு சே இட் டு த டாக்டர்.” இத்தனை மாதத்தில் அவர் பேசி நான் கேட்ட ஆங்கிலத்திலேயே எளிமையான இரண்டு வாக்கியங்கள். அவர் மனப்பாடம் செய்து வைத்திருந்த சொற்றொடர் ஒன்றுகூட அதில் இல்லை. கீழே கடையில் யாரோ இருமல் மருந்து கேட்பது மாடிவரை கேட்டது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அரூர்ப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, “டோன்ட் வொர்ரி” என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டி அவர் மணிக்கட்டின் மேல் வைத்தார்.

“எங்கப்பா மேடம்” என்றார் அவர் என் பக்கம் திரும்பி.

அதற்கும் இரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது. தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அப்பாவைச் சேர்த்திருந்தார். வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தாராம். தினமும் டாக்டரிடம் டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்டாரே தவிர, ஏன் கேட்கிறோம் என்று சொல்லவில்லை. நர்ஸாக இருந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று வாய் வரவில்லை. கூட வேலை பார்த்தவர்களும் கேட்கவில்லை, எல்லோரும் பதில் சொன்னார்கள். நான்காம் நாள் ஐ.சி.யூ.வில் அப்பா போய்விட்டார். “தமிழ்ல இதை யார்கிட்டயும் சொன்னதில்ல மேடம், இங்கிலீஷ்ல வந்துருச்சு.”

நோட்டில் அன்றைக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ரோல் பிளே நடத்தாமல் எழுத்துப் பயிற்சி மட்டும் கொடுத்தேன், பயமாக இருந்தது. மொழி கற்றுக்கொள்ள வந்தவர்களின் காயத்தில் கை வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற கேள்வி. அது இன்றைக்கும் முழுசாகத் தீரவில்லை. அட்டை எழுதச் சொன்னது நான்தான், எதை எழுதக்கூடாது என்று சொல்லாமல் விட்டதும் நான்தான்.

பென்னாகரம் பக்கம் கூத்து பார்த்து வளர்ந்த ஒரு பெண்தான் வழி காட்டினார். விடிய விடியத் துரியோதனனாக நின்று ஆடியவர், படுகளம் முடிந்ததும் தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, முகம் கழுவி, டீ குடித்த பிறகுதான் வீட்டுக்குப் போவார், வேஷத்தோடு வாசல் ஏற மாட்டார் என்றார். கூத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று, தான் யார் என்று பாடிச் சொல்லிவிட்டுத்தான் சபைக்கு வருவார். கட்டியங்காரன் கேள்வி கேட்டு உள்ளே அழைப்பான். உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல். எங்கள் வகுப்பில் இரண்டும் இல்லாமல் இருந்தது. இப்போது ஒரு துப்பட்டாவை இரண்டு பேர் பிடிக்கிறார்கள். பின்னால் நிற்கிறவர் தன் பாத்திரத்தின் பெயர், ஊர், வயசு சொல்லிவிட்டு வருகிறார். முடிந்ததும் அட்டையை என்னிடம் கொடுத்து, தன் சொந்தப் பெயரையும், இன்று ராத்திரி வீட்டில் என்ன சமையல் என்பதையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். “ராகிக் களி, கீரைக் கடைசல்” என்று ஒருவர் சொன்னதும் அந்த அறையின் காற்றே இறங்கிவிடும். சொந்தக் கதையை அட்டையாக எழுதக்கூடாது, அடுத்தவர் வீட்டுக் கதையைப் பெயர் மாற்றி எழுதலாம் என்பதும் அப்போது போட்ட விதிதான்.

பாலக்கோட்டுக்காரர் தொடர்ந்து வந்தார். அதற்கப்புறம் அவர் மடிப்பைத் தவறவிட்டதே இல்லை. “வாட் வொர்ரீஸ் யூ மோஸ்ட் அபௌட் திஸ்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். சில சமயம் முழுசாக 6, 7 விநாடி. பழைய ஆளாக இருந்தால் அந்த இடைவெளியில் மூன்று நன்மைகளைச் சொல்லி முடித்திருப்பார். தேர்வில் தேறி, இப்போது பிரிட்டனில் முதியோர் வார்டில் இருக்கிறார். அவருடைய அந்த அட்டை என்னிடமே இருந்தது. வேறு யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, பெட்டியில் மற்ற அட்டைகளோடு போடவும் இல்லை. மேஜை இழுப்பறையில் தனியாகக் கிடந்தது.

போன மாதம் நைட் டியூட்டி முடித்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். புதிதாக என்ன அட்டை போட்டிருக்கிறேன், அரூர்ப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டுக் கடைசியில், “என் கார்டை யாருக்காவது குடுங்க மேடம், சும்மா கெடக்க வேணாம். அப்பாவ மட்டும் அம்மாவா மாத்திருங்க” என்றார். அன்று ராத்திரியே ஒரு மருந்துப்பெட்டியை வெட்டி எழுதினேன். நோயாளி 71 வயது அம்மா. மகள் அட்டெண்டர். திண்ணையைப் பின்கட்டு வேப்பமரத்தடி என்று மாற்றினேன். கடைசி இரண்டு விரல் அகலத்தை மடித்து, நகத்தால் அழுத்திவிட்டு, பெட்டியில் போட்டேன்.